கோதுமைக் கப்பலில் மாலுமிகளின் அன்றாடம்

பாய்க்கப்பல்களைப் பற்றிப் படிக்கும் பலருக்கும் எழும் கேள்வி இது: என்ஜின் இல்லாத ஒரு பெரிய கப்பல் மூன்று, நான்கு மாதங்கள் கரையைத் தொடாமல் பெருங்கடலில் செல்லும்போது, அதில் இருப்பவர்கள் நாள் முழுவதும் என்ன செய்திருப்பார்கள்? புயல் அடித்தால் போராட வேண்டியிருக்கும், சரி. காற்று சீராக வீசும் நாள்களில் பாயை விரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே?

உண்மை இதற்கு நேர்மாறானது. சீரான காற்று வீசிய நாள்களில்தான் அவர்களுக்கு வேலை ஓயாமல் இருந்தது. பாய்க்கப்பலின் பாய், கயிறு, கம்பி, இரும்பு, மரம் எல்லாமே ஒவ்வொரு மணி நேரமும் தேய்ந்துகொண்டிருக்கும். தேய்வதைத் தேயத் தேயப் புதுப்பிப்பதுதான் மாலுமியின் முதன்மையான தொழிலாக இருந்தது. பாயை ஏற்றுவதும் இறக்குவதும் அதில் ஒரு பகுதி மட்டுமே. இதைப் பொதுவாகச் சொன்னால் விளங்காது என்பதால், பதிவுகள் நிறையக் கிடைக்கும் ஒரு காலத்தை எடுத்துக்கொள்கிறேன்: 1920களிலும் 1930களிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கோதுமை ஏற்றிச் சென்ற, நான்கு பாய்மரங்கள் கொண்ட கப்பல்கள்.

இக்கப்பல்களில் பெரும்பாலானவை பின்லாந்தைச் சேர்ந்த ஓலண்ட் தீவுகளின் மரியேஹாம்ன் நகரில் வாழ்ந்த குஸ்தாஃப் எரிக்சன் என்பவருக்குச் சொந்தமானவை. நீராவிக் கப்பல்கள் கடலை ஆண்ட காலத்தில், பிறர் கழித்துக்கட்டிய பழைய பாய்க்கப்பல்களை அவர் மலிவாக வாங்கி ஓட்டினார். கோதுமை விரைவில் கெட்டுப்போகாத சரக்கு. அது நான்கு மாதம் தாமதமாக வந்தாலும் வணிகருக்கு நட்டமில்லை. எரிபொருள் செலவும் கிடையாது. பொம்மெர்ன், பமீர், பாசாட், வைகிங், மொஷுலு, ஹெர்சோகின் செசிலி ஆகிய கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து சரக்கில்லாமல், கப்பல் கவிழாதிருக்கப் பாரக்கற்களையும் மணலையும் சுமந்து சென்று, ஸ்பென்சர் வளைகுடாவின் போர்ட் விக்டோரியா, போர்ட் ஜெர்மைன், போர்ட் லிங்கன் துறைகளில் மூட்டை மூட்டையாக 4,000 டன்னோ அதற்கு மேலோ கோதுமை ஏற்றிக்கொண்டு, பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புறப்படும். நியூசிலாந்துக்குத் தெற்கே சென்று, தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றி, அட்லாண்டிக் கடலின் முழு நீளத்தையும் கடந்து, இங்கிலாந்தின் ஃபால்மவுத்தையோ அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனையோ அடைய வேண்டும். 1933இல் பார்மா என்ற கப்பல் 83 நாள்களில் வந்து சேர்ந்ததே இந்த வழியின் புகழ்பெற்ற வேகம். நூறு நாள்களுக்குள் வந்தால் நல்ல பயணம் என்றார்கள். 120, 130 நாள்கள் ஆவதும் வழக்கம்தான்.

இவ்வளவு பெரிய கப்பலை முப்பது பேருக்கு முன்பின்னாக இருந்தவர்கள்தான் ஓட்டினார்கள். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பதினாறு முதல் இருபது வயது வரையிலான பையன்கள். சில நாடுகளில் கப்பல் அதிகாரி உரிமம் பெறுவதற்குப் பாய்க்கப்பலில் பணியாற்றிய காலம் கட்டாயமாக இருந்ததால், பயிற்சியாளர்களாகச் சேர்வதற்குப் பணம் கட்டி வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். யார் எந்த நாட்டவராக இருந்தாலும் கட்டளைகள் சுவீடிய மொழியில்தான் வரும். முதல் வாரத்திலேயே அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாளின் அமைப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தவை. மாலுமிகள் இடப்பக்க அணி, வலப்பக்க அணி என்று இரண்டாகப் பிரிக்கப்படுவார்கள். முதல் துணை அதிகாரி ஒன்றுக்கும் இரண்டாம் துணை அதிகாரி மற்றொன்றுக்கும் பொறுப்பு. இந்தக் கப்பல்களில் ஒரு நாளை ஐந்து காவல்களாகப் பகுத்தார்கள்: நள்ளிரவு முதல் 4 மணி வரை, 4 முதல் காலை 8 வரை, 8 முதல் பிற்பகல் 1 வரை, 1 முதல் மாலை 7 வரை, 7 முதல் நள்ளிரவு வரை. ஒற்றைப்படை எண் என்பதால் முறை தானாகவே நாளுக்கு நாள் மாறிவிடும். ஓர் அணி இன்று 14 மணி நேரம் தளத்தில் நின்றால் நாளை 10 மணி நேரம் நிற்கும். கணக்கில் இது நியாயமாகத் தெரிகிறது. ஆனால் எந்த இரவிலும் தொடர்ந்து உறங்கக் கிடைப்பது அதிகம் போனால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் மட்டுமே. அதிலும் நனைந்த உடையைக் களைய, சாப்பிட, மீண்டும் உடுத்த நேரம் கழியும். இதற்கிடையே மூன்று ஊதல் சத்தம் கேட்டால் இரு அணிகளும் ஓடிவர வேண்டும். நூறு நாளும் இப்படித்தான். இந்தப் பயணங்களைப் பற்றி எழுதுபவர்கள் அலையின் உயரத்தையும் காற்றின் சீற்றத்தையும் விரிவாகச் சொல்கிறார்கள்; அங்கிருந்தவர்களை எல்லாவற்றையும்விட அதிகமாக வாட்டியது தூக்கமின்மைதான் என்பது என் உறுதியான கருத்து.

காவலில் இருக்கும் அணியில் எப்போதும் மூவருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. ஒருவர் சுக்கான் பிடிப்பார். ஒருவர் கப்பலின் முன்முனையான அணியத்தில் நின்று முன்னால் கடலைப் பார்ப்பார். எதிரே விளக்கு தெரிந்தால் மணியடித்து அறிவிப்பார். மூன்றாமவர் அதிகாரியின் அழைப்புக்குத் தயாராக நிற்பார்: ஓர் ஊதல் என்றால் அவர் மட்டும் ஓட வேண்டும், இரண்டு ஊதல் என்றால் அணி முழுவதையும் எழுப்ப வேண்டும். இம்மூன்று வேலைகளும் முறைவைத்து மாறிவரும். சுக்கான் பிடிப்பது உயர்ந்த வேலையாகக் கருதப்பட்டது. திசைகாட்டியின் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது; உச்சிப் பாயின் ஓரம் படபடக்கிறதா, கன்னத்தில் படும் காற்று திரும்புகிறதா, பின்னாலிருந்து வரும் அலை கப்பலின் பின்பகுதியான அமரத்தை எந்தப் பக்கம் தள்ளப்போகிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே உணர்ந்து சக்கரத்தைத் திருப்ப வேண்டும். கடும் காற்றில் இருவர் சேர்ந்து பிடிப்பார்கள். சுக்கானில் அலை மோதினால் சக்கரம் ஒரு ஆளையே தூக்கி எறிந்துவிடும்.

மற்றவர்களுக்குப் பாய் வேலை. முன் மூன்று பாய்மரங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு பருமல்கள் (பாயைக் கட்டும் குறுக்குக் கழிகள்) வரை இருக்கும்; ஒவ்வொன்றிலும் ஒரு குறுக்குப் பாய். இவை தவிர முக்கோணப் பாய்களும் உண்டு. எல்லாம் சேர்த்து முப்பதுக்கும் மேல். பாயை ஏற்றும் ஆஞ்சான்களும், அதன் கீழ்முனையை இழுத்துக் கட்டும் தாமான்களும், பருமல்களைத் திருப்பும் கயிறுகளும், பாயைச் சுருக்கும் கயிறுகளும் இருநூறுக்கும் அதிகமாகத் தளத்தின் இரு ஓரங்களிலும் உள்ள கட்டுமுளைகளில் வந்து முடியும். இரவில் தளத்தில் விளக்கு ஏற்ற மாட்டார்கள், கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக. ஆகவே கும்மிருட்டிலும் மழையிலும், முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் தளத்திலும், கையால் தடவி எண்ணி எந்த முளையில் எந்தக் கயிறு இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். தவறான கயிற்றை அவிழ்த்தால் மேலே இருப்பவரின் உயிர் போகலாம். நல்வாய்ப்பாக, கயிறுகளின் வரிசை எல்லாப் பெரிய பாய்க்கப்பல்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. ஒரு கப்பலில் கற்றவர் அடுத்த கப்பலில் அன்றே வேலை செய்யலாம்.

பாயைச் சுருட்டுவதற்கு மேலே ஏற வேண்டும். பாய்மரத்தின் உச்சி தளத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரம். பருமலுக்குக் கீழே தொங்கும் மிதிகயிற்றில் நின்று, வயிற்றைப் பருமலின்மேல் சாய்த்து, காற்றில் உப்பிய பாயை இரு கைகளாலும் பிடித்து மடித்து இழுக்க வேண்டும். புயலுக்கென்று தைத்த தடித்த பாய் நனைந்தால் பலகைபோல் விறைத்துவிடும். நகம் பிய்ந்து இரத்தம் வரும். ஒரு பெரிய பாயை அடக்குவதற்குச் சில நேரங்களில் மணிக்கணக்காகும். மேலே ஏறுபவர்களுக்கு இடுப்புப் பட்டை போன்ற பாதுகாப்பு எதுவும் அக்காலத்தில் இல்லை. மேலிருந்து விழுந்து இறந்தவர்களும், தளத்தைக் கடந்த அலையில் அடித்துச் செல்லப்பட்டவர்களும் இக்கப்பல்களின் வரலாறு முழுவதும் உண்டு. ஜார்விஸ் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர் வடிவமைத்த வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் பொறி) பல கப்பல்களில் பொருத்தப்பட்ட பிறகு, பருமல்களைத் திருப்பும் வேலையைச் சில பேரே செய்ய முடிந்தது. அது வராமலிருந்தால் இவ்வளவு குறைந்த ஆள்பலத்தில் இந்தக் கப்பல்களை ஓட்டியே இருக்க முடியாது.

பயணத்தின் முதல் ஐந்தாறு வாரங்கள் கர்ஜிக்கும் நாற்பதுகள் எனப்படும், கடுங்காற்று வீசும் 40 முதல் 50 டிகிரி வரையிலான தென் அட்சரேகைகளிலும் அதற்குத் தெற்கேயும் கழியும். ஹார்ன் முனை ஏறத்தாழ 56 டிகிரி தெற்கில் இருக்கிறது. அந்தக் கடலில் மேற்குக் காற்றைத் தடுக்க நிலம் கிடையாது. கோதுமைப் பாரத்தால் அமிழ்ந்து செல்லும் கப்பலின் நடுத்தளத்தில் அலைகள் இடைவிடாமல் ஏறி இறங்கும். தளத்தின் நீளத்துக்குக் கைப்பிடிக் கயிறுகள் கட்டுவார்கள்; பக்கச் சுவர்களின்மேல் வலை விரிப்பார்கள். உடைகள் வாரக்கணக்கில் உலராது. எண்ணெய்த் துணி மேலங்கியின் விளிம்பு மணிக்கட்டில் உரசி உரசி உப்புநீர்க் கொப்புளங்கள் வரும். கயிறு இழுத்து வெடித்த விரல்கள் ஆறாது. மருத்துவர் கிடையாது, மருந்துப் பெட்டி கப்பல் தலைவரின் பொறுப்பில் இருக்கும். எலும்பு முறிந்தாலும் சீழ் வைத்தாலும் அவரே பார்க்க வேண்டும்.

உணவு எளிமையானது, சுவையும் குறைவு. உப்பிட்ட மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும், உப்பிட்ட மீன், உலர்ந்த பட்டாணி, அவரை, உருளைக்கிழங்கு, ரொட்டி, காப்பி ஆகியவை மாறி மாறி வரும். பின்லாந்து வழக்கப்படி வியாழக்கிழமையில் பட்டாணி சூப்பும் அப்பமும் கிடைக்கும். சர்க்கரையும் மார்கரினும் வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். அதை நாள் கணக்கிட்டுச் சேமித்து வைப்பவரும், இரண்டே நாளில் முடித்துவிட்டு மற்றவரின் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். உயிருள்ள பன்றிகளையும் சில கப்பல்களில் கொண்டுசென்றார்கள். ஒன்றை அறுக்கும் நாள் எல்லோருக்கும் திருநாள். குடிநீர் தொட்டியில் இருக்கும், அளவு உண்டு. குளிக்கவும் துவைக்கவும் கடல் நீர்தான், மழை பெய்யும் வரை. பழைய காலத்து நீள்பயணங்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சை வகைப் பழங்கள் மருந்தாவதை 1747லேயே ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை மருத்துவர் சோதித்துக் காட்டியிருந்தார். ஆதலால் 1930களில் மாலுமிகள் அஞ்சியது ஸ்கர்வியை அல்ல, பசியைத்தான். பதினேழு வயதுப் பையன் பதினான்கு மணி நேரம் கயிறு இழுத்தால் அவனுக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் இது புரியும்.

ஹார்ன் முனையைக் கடந்து வடக்கே திரும்பித் தென்கிழக்கு வியாபாரக் காற்றைப் பிடித்தவுடன் வாழ்க்கை முற்றிலும் மாறும். வானம் தெளிந்திருக்கும், கப்பல் ஒரே திசையில் ஒரே சாய்வில் நாள்கணக்காகச் செல்லும், பாயைத் தொட வேண்டிய தேவை அரிதாகவே வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதுதான் ஓய்வுக் காலம் என்று தோன்றும். பராமரிப்பு வேலை முழு வேகத்தில் தொடங்குவதோ இப்போதுதான்.

முதல் வேலை பாய் மாற்றுவது. தென்கடலுக்காகக் கட்டிய புதிய, தடித்த பாய்களை எல்லாம் அவிழ்த்து இறக்கிவிட்டு, ஒட்டுப்போட்ட பழைய பாய்களை ஏற்றுவார்கள். மென்மையான காற்றுக்குப் பழையது போதும். வெயிலிலும் உரசலிலும் நல்ல பாயை வீணாக்கக் கூடாது என்பதே காரணம். ஒவ்வொரு பாயையும் பருமலிலிருந்து பிரித்து, கயிற்றில் இறக்கி, மடித்து, அறையில் அடுக்கி, மாற்றுப் பாயை மேலே இழுத்து, அங்குலம் அங்குலமாகக் கட்ட வேண்டும். முப்பது பாய்களுக்கும் இதைச் செய்வது ஒரு முழு நாளையும் தாண்டும். வட அட்லாண்டிக்கின் கடுங்காற்றை நெருங்கும்போது இதையே தலைகீழாக மீண்டும் செய்ய வேண்டும். இறக்கிய பாய்களைத் தைப்பவர் தளத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தோல் காப்பு மாட்டி, தடித்த ஊசியால் கிழிசல்களை மூடிக்கொண்டே இருப்பார். தையல் தெரிந்த பையன்கள் இருவர் அவருக்குத் துணை.

அடுத்தது துரு. உப்புக் காற்றும் இரும்பு உடலும் சேர்ந்தால் துரு நிற்காது. சுத்தியலால் தட்டித் தட்டித் துருவை உதிர்த்து, சுரண்டி, ரெட் லெட் என்னும் துருத்தடுப்புச் செந்நிறப் பூச்சைப் பூசி, அதன்மேல் வண்ணம் அடிக்க வேண்டும். காலை முதல் மாலை வரை கப்பல் முழுவதும் அந்தச் சுத்தியல் ஒலிதான். காவல் முடிந்து படுத்திருப்பவரின் தலைக்கு மேலேயும் அது ஒலிக்கும். பாய்மரங்களைத் தாங்கும் கம்பி வடங்களுக்குத் தார் பூச வேண்டும். அதற்காகக் கயிற்றுப் பலகையில் உட்கார்ந்து உச்சியிலிருந்து தொங்கியபடி இறங்கி வருவார்கள். மரத்தளத்தை மணற்கல்லால் தேய்த்து வெளுக்க வேண்டும். இற்றுப்போன ஏணிக் கயிறுகளை மாற்ற வேண்டும். பாயைச் சுருக்கும் கயிறுகள் காற்றில் ஆடிப் பாயில் உரசினால் சில நாள்களில் பாய் ஓட்டையாகிவிடும் என்பதால், அவற்றைத் தளர்த்தி, மெல்லிய நூலால் மேலேயே கட்டி வைப்பார்கள். கீழிருந்து வலுவாக இழுத்தால் அந்த நூல் அறுந்துவிடும், கயிறு வேலைக்கு வந்துவிடும். இவ்வளவு சிறிய ஒரு செயலில் எவ்வளவு சிந்தனை அடங்கியிருக்கிறது என்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அந்த நூல் ஒவ்வொரு முறை அறும்போதும் யாரோ ஒருவர் மேலே ஏறி மீண்டும் கட்ட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

தச்சர், பாய் தைப்பவர், சமையல்காரர், பரிசாரகர், நங்கூரம் தூக்கும் நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோர் காவல் முறையில் சேராதவர்கள். பகலில் உழைத்து இரவில் உறங்குவார்கள். மற்றவர்கள் அவர்கள்மேல் பொறாமை கொண்டதில் வியப்பில்லை. கப்பல் தலைவருக்கும் காவல் கிடையாது. ஆனால் எந்த நேரமும் அவருடைய நேரம்தான். செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து, குரோனோமீட்டர் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிடுவார். பல நாள் மேகம் மூடியிருந்தால், வேகத்தையும் திசையையும் வைத்து ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிலநடுக்கோட்டை ஒட்டிய காற்றில்லா மண்டலம் வந்ததும் உடலும் மனமும் ஒருசேரச் சோரும். ஒரு பக்கமிருந்து சிறு காற்று வரும். உடனே பருமல்கள் அனைத்தையும் திருப்ப வேண்டும். பத்து நிமிடத்தில் அது நின்று எதிர்ப்பக்கமிருந்து வரும். மறுபடியும் திருப்ப வேண்டும். பகலும் இரவும் இப்படியே தொடர்ந்தும் கப்பல் ஒரு நாளில் சில மைல்களே நகரும். ஆனால் கொட்டும் மழை அங்கேதான் கிடைக்கும். தளத்தின் வடிகால்களை அடைத்து நீரைத் தேக்கி, அதிகாரி முதல் கடைசிப் பையன் வரை எல்லோரும் குளித்து, மாதக்கணக்கான உப்பைத் துணிகளிலிருந்து கழுவுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் பராமரிப்பு வேலை கிடையாது. சுக்கானும் கண்காணிப்பும் பாய் வேலையும் மட்டுமே. அன்றைய ஓய்வில் உடை தைப்பார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், கடிதம் எழுதுவார்கள், கப்பல் மாதிரிகளைச் செதுக்குவார்கள். எழுதிய கடிதத்தை அஞ்சலில் சேர்க்க மூன்று மாதம் ஆகும் என்பது எழுதுபவருக்குத் தெரியும். எரிக்சனின் பெரும்பாலான கப்பல்களில் வானொலிக் கருவி இல்லை. எதிரே வரும் நீராவிக் கப்பலுக்குக் கொடி காட்டினால் அது கரைக்குச் செய்தி சொல்லும். இல்லையென்றால் வந்து சேரும் நாள் வரை உறவினருக்கு எதுவும் தெரியாது. வானொலி இருந்தாலும் காப்பாற்றும் என்ற உறுதி இல்லை. எரிக்சனிடமிருந்து ஜெர்மானியர்கள் வாங்கி அட்மிரல் கார்ப்ஃபாங்கர் என்று பெயர் மாற்றிய கப்பல், 1938 பிப்ரவரியில் போர்ட் ஜெர்மைனிலிருந்து 60 பேருடன் புறப்பட்டது. மார்ச் மாதத்தில் அனுப்பிய ஒரு செய்திக்குப் பிறகு அதிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை; கப்பலும் கரை சேரவில்லை.

கரையை நெருங்கும் கடைசி வாரங்களில் வண்ணம் பூசும் வேலை விரைவுபடும். துறைமுகத்துக்குள் நுழையும்போது கப்பல் புதிதுபோல் தெரிய வேண்டும் என்பதில் அதிகாரிகள் கண்டிப்பாக இருப்பார்கள். ஃபால்மவுத்தில் நங்கூரமிட்டதும் பயணம் முடிந்துவிடாது. சரக்கு எந்தத் துறைமுகத்துக்கு விற்கப்பட்டிருக்கிறது என்ற உத்தரவு அங்கேதான் கிடைக்கும்; அதன்படி மேலும் சில நாள்கள் செல்ல வேண்டியிருக்கும். ஆபத்து இந்தக் கடைசிக் கட்டத்திலும் இருந்தது: ஹெர்சோகின் செசிலி 1936இல் ஃபால்மவுத்தில் உத்தரவு பெற்றுப் புறப்பட்ட சில மணி நேரத்தில் டெவன் கடற்கரைப் பாறைகளில் மோதியது; அதன் கோதுமை நீரில் ஊறி அழுகியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1949இல் பமீரும் பாசாட்டும் போர்ட் விக்டோரியாவிலிருந்து கோதுமை ஏற்றிவந்ததோடு இந்த வாணிபம் நின்றுவிட்டது. அந்த முறை பாசாட்டுக்கு 110 நாள்களும் பமீருக்கு 128 நாள்களும் ஆயின. இக்கப்பல்களின் அன்றாடத்தை நேரில் பார்த்து உணர விரும்புபவர்களுக்கு மரியேஹாம்னில் அருங்காட்சியகமாக நிற்கும் பொம்மெர்னைத்தான் முதலில் சொல்வேன். 1903இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சரக்குக் கப்பலாக இருந்த வடிவத்திலேயே பேணப்படுகிறது. மாலுமிகளின் படுக்கைகளும் கட்டுமுளை வரிசைகளும் சுக்கான் சக்கரமும் அங்கே இருக்கின்றன. ஜெர்மனியின் ட்ராவெமுண்டேயில் பாசாட்டும், சுவீடனின் கோத்தன்பர்க்கில் வைகிங்கும் இன்னும் மிதக்கின்றன.